சுங்க வாசல் சம்பந்தி

காலை பஸ்ஸில் மெலிந்து வருகிறவர்கள் சாயங்கால பஸ்ஸில் பெருத்துப் போவார்கள். போர்ட் சயீதின் சுங்க வாசலில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது பழகிப்போன அதிசயம். ஊருக்குள் எந்தப் பொருளுக்கும் தீர்வை கிடையாது. ஜப்பான் ரேடியோ, சீனத்துச் சட்டை, இத்தாலிச் செருப்பு எல்லாம் கப்பலிலிருந்து இறங்கிய விலைக்கே கிடைக்கும். ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகும்போதுதான் வாசலில் கணக்குக் காட்ட வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று சலுகை உண்டு. அதற்கு மேல் போனால் வரி. கெய்ரோவிலிருந்தும் தந்தாவிலிருந்தும் மன்சூராவிலிருந்தும் கல்யாணச் சாமான் வாங்க வந்த ஜனங்கள் அந்த வரிக்குப் பயந்து, கையில் கொண்டுபோக முடியாததை மேலில் போட்டுக்கொண்டு போனார்கள். ஒருமுறை நடுக்கோடையில் கம்பளிச் சட்டைக்கு மேல் கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், "எனக்குக் குளிர்க் காய்ச்சல்யா" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்த சிரிப்பிலேயே குட்டு உடைந்துவிட்டது.

இன்ஷிராவுக்கு வேலை பெண்கள் பக்கத்துச் சோதனை அறையில். பச்சைத் திரை போட்ட சின்ன அறை. ஒரு மர பெஞ்சு, ஒரு மேசை, மூலையில் டீ போட ஒரு ஸ்டவ். ஊருக்கு வரிவிலக்கு வந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். கை வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும், இது சதை, இது துணி என்று. ஆனால் கை வைப்பதற்கு முன்னால் எல்லாரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வாள்.

"ஏதாச்சும் இருந்தா நீங்களே எடுத்து வச்சிருங்கம்மா. நான் எடுத்தா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம்."

சிலர் எடுத்து வைப்பார்கள். பலர் ஆண்டவன் மேல் சத்தியம் செய்வார்கள், பெற்ற பிள்ளை மேல் சத்தியம் செய்வார்கள். சத்தியம் செய்த வாய் மூடுவதற்குள், அதே பிள்ளைக்கு வாங்கிய ஜீன்ஸ் கால்சட்டை அவர்கள் பாவாடைக்குள்ளிருந்து நழுவிக் காலடியில் விழுந்ததும் உண்டு. இன்ஷிரா கோபப்பட மாட்டாள், கத்த மாட்டாள், கேலியும் செய்ய மாட்டாள். பொருளை எடுத்து மேசையில் வைப்பாள், அடுத்தவளைக் கூப்பிடுவாள். தன்னைப் போல் நயமாக இந்த வேலையைச் செய்கிறவள் யாருமில்லை என்பது அவளுடைய எண்ணம்.

கூட இருந்த அவாதிஃப் வயதில் இளையவள், வாய் கொஞ்சம் நீளம். இன்ஷிராவின் மகன் வக்தி மன்சூராவில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தான். "அக்கா, நீ துணிக்கு மேல தடவிப் பாக்குற, உன் மவன் எலும்பு வரைக்கும் பாக்குறான். நல்ல குடும்பம்!" என்பாள் அவாதிஃப்.

அந்த எக்ஸ்ரே அறைக்குத்தான் சுஹைர் என்ற பெண் மணிக்கட்டு முறிந்து வந்தாள். எலும்பு கூடி, கட்டுப் பிரித்த பிறகும் அவள் அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் வருவது நிற்கவில்லை. குளிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பெண்ணின் தாயும் தகப்பனும் மகளை அழைத்துக்கொண்டு போர்ட் சயீதுக்கு வந்து, மாப்பிள்ளை வீட்டைப் பார்த்து, ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்துகொள்வது என்று பேச்சாயிற்று.

வியாழக்கிழமை ஊருக்கு வந்த வக்தி, அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றான்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"சொல்லு, அப்புறம் பாக்கலாம்."

"அவங்க உன் வேலையப் பத்திக் கேட்டா... கஸ்டம்ஸ்ல இருக்கேன்னு மட்டும் சொல்லு. வாசல்னு சொல்லாத."

இன்ஷிரா மீன் செதிலைச் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "வாசலுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. வெளியூர்க்காரங்க அதப் பத்தி ஒரு மாதிரி பேசுவாங்க, உனக்குத் தெரியாதா? முதல் நாளே எதுக்கு..."

"சரி" என்றாள். அந்த வாசலில் நின்ற சம்பளத்தில்தான் அவன் படித்தான் என்பதைச் சொல்லவில்லை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தே கேட்கிறான் என்பதுதான் நெஞ்சில் போய்க் குத்தியது.

மறுநாள் மத்தியானத் தொழுகை முடிகிற நேரத்துக்கு மன்சூராக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். பெண்ணின் தகப்பன் ஷெஹாதா ஒல்லியான மனிதர். தான் பேச வேண்டிய பங்கையும் மனைவியிடமே ஒப்படைத்துவிட்டவர். மனைவி தஃபீதா அகலமான உடம்புக்காரி. படியேறும்போதே மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள், பேசிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இன்ஷிராவைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். இன்ஷிராவுக்கு அவளைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

தவிட்டில் புரட்டிச் சுட்ட மடவை மீனும், வெங்காயம் கருக வதக்கிய பழுப்புச் சோறும், இறாலும் வைத்துச் சாப்பாடு. இன்ஷிராவின் கணவர் தியாப், கால்வாயைக் கடக்கும் படகில் வேலை பார்க்கிறவர், சம்பந்திக்காரருக்கு முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மீனு எங்க ஊர்லயும் கெடைக்குது சம்பந்தி" என்றாள் தஃபீதா. "ஆனா அது ஆத்து மீனு. மண்ணு வாசம் போகக் கழுவுறதுக்குள்ள நாம கெழவியாயிருவோம். இது என்னடான்னா இப்பத்தான் கடல்லேர்ந்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு."

"காலைல வரைக்கும் நீந்திட்டுத்தான் இருந்துச்சு" என்றார் தியாப்.

"வர்ற வழியில அந்த வாசலப் பாத்தேன். கண்ணத் திருப்பிக்கிட்டேன். என் தங்கச்சி கதை தெரியுமா உங்களுக்கு?" தஃபீதா கையை நக்கிவிட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள். சுஹைர், "அம்மா, சாப்பிடு" என்றாள். அம்மா கேட்கவில்லை.

"ரெண்டு வருஷம் முன்ன, பெரிய பொண்ணு கல்யாணத்துக்குச் சாமான் வாங்க அவ இங்க வந்தா. அஞ்சு நைட்டிய ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கிட்டு அதுக்கு மேல கறுப்பு அங்கிய மாட்டிக்கிட்டுப் போயிருக்கா. அங்க ஒரு பொம்பள, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சாளாம். ஒண்ணு எடுப்பாளாம், 'இன்னும் இருக்கா?' இன்னொண்ணு எடுப்பாளாம், 'இன்னும் இருக்கா?' கடைசியில என் தங்கச்சி சொல்லிருக்கா, 'இனிமே இருக்குறது ஆண்டவன் குடுத்ததும்மா. அதுக்கும் வரி உண்டா?'"

தியாப் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஷெஹாதாவும் மெல்லச் சிரித்தார். பலமுறை கேட்ட கதைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"அவளுகள எந்த வயிறு பெத்துச்சோ!" என்றாள் தஃபீதா. "வீட்டுக்குப் போயி அந்தக் கையாலதானே சோறு தின்பாளுக? எறங்குமா?"

வக்தியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. இன்ஷிரா பெரிய மீன் துண்டாகப் பார்த்து எடுத்துத் தஃபீதாவின் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க, ஆறிடப் போகுது."

"நீங்க எந்த ஆபீஸ்ல இருக்கீங்க சம்பந்தி? மாப்பிள்ளை கவர்மென்ட்டுன்னாரு."

"கஸ்டம்ஸ்ல."

"அட! உள்ள உக்காந்து பாக்குற பேப்பர் வேலையா?"

இன்ஷிரா வாயைத் திறப்பதற்குள் வக்தி முந்திக்கொண்டான். "ஆமா அத்தை, பேப்பர் வேலைதான்."

ஃபாத்திஹா ஓதினார்கள். ஓதி முடித்துக் கைகளை முகத்தில் தடவிக்கொண்டபோது சுஹைரின் கண்கள் நனைந்திருந்தன. டீ குடித்ததும் ஆண்கள் இருவரும் கப்பல் பார்க்கக் கால்வாய்க் கரைக்குக் கிளம்பினார்கள். சுஹைரும் வக்தியும் நாலு அடி பின்னால் போனார்கள்.

"நமக்கு அந்தக் கப்பல் எதுக்கு, அதுலேர்ந்து எறங்குனதப் பாப்போம்" என்று தஃபீதா இன்ஷிராவின் கையைப் பிடித்தாள். "இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போனா எங்க தெருவுல என்னைக் கல்லெடுத்து அடிப்பாங்க."

கடைத்தெரு வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நெரிந்தது. தலைக்கு மேல் கயிற்றில் சட்டைகள் தொங்கின. நடைபாதையில் ஷாம்புப் புட்டிகளைக் குவித்து வைத்துக் கூவினார்கள். புதுச் செருப்பு வாங்கிய ஒருவன் கடை வாசலிலேயே அதை மண்ணில் தேய்த்துப் பழசாக்கிக்கொண்டிருந்தான். தஃபீதா ஒவ்வொரு கடையிலும் நின்றாள். பாதி விலைக்குக் கேட்டாள், போகிற மாதிரி போனாள், கூப்பிட்டதும் திரும்பினாள். ஒரு கம்பளிப் போர்வையை வாங்கிவிட்டு, "பாவம், நஷ்டத்துக்குக் குடுத்துட்டான்" என்று கடைக்காரனுக்காக வருத்தப்பட்டாள். இன்ஷிராவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதே சமயம் யாராவது தன்னை அடையாளம் கண்டு கூப்பிட்டுவிடக் கூடாதே என்று முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள். அந்தத் தெருவில் அவளைத் தெரியாத கடைக்காரன் கிடையாது.

திரைத்துணிக்கு ஸக்லூல் கடைதான் என்று யாரோ மன்சூராவிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஸக்லூல் மீசைக்காரர், வாங்கிய துணியை வாங்கியவர் உடம்பிலேயே வெளியே தெரியாமல் சுற்றி அனுப்புவதில் பேர் போனவர். உள்ளே நுழைந்த இன்ஷிராவைப் பார்த்ததும் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"வாங்க இன்ஸ்..." என்றவர், அவள் கண்ணைச் சிமிட்டியதும் மீதியை விழுங்கிக்கொண்டார். "வாங்கம்மா."

தஃபீதா கருஞ்சிவப்பு வெல்வெட்டைக் கண்டதும் வேறெதையும் பார்க்கவில்லை. மகள் வீட்டு முன்னறைக்குத் திரை. அளந்து வெட்டச் சொன்னாள். வெட்டியானதும் குரலைத் தாழ்த்தி, "சுத்தி விட்டுருங்க அண்ணே" என்றாள்.

கண்சிமிட்டலுக்கு ஸக்லூல் ஒரே ஒரு அர்த்தம்தான் எடுத்திருந்தார்: இன்ஸ்பெக்டரம்மா தன்னைப் பிடிக்க ஆள் கூட்டி வந்திருக்கிறாள். "சுத்துறதா? அப்படின்னா என்னம்மா?"

"என்ன அண்ணே, ஊருக்கெல்லாம் சுத்தி விடுறீங்களாம், எனக்கு மட்டும் தெரியாதுங்கிறீங்க?"

"நாங்க ரசீது போட்டுத்தான் குடுப்போம்மா. வாசல்ல காட்டி, வரி இருந்தா கட்டிட்டுத்தான் போகணும். அதுதான் நாட்டுக்கு நல்லது." அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"நாட்டப் பத்தி மீசைக்காரரு எனக்குச் சொல்றாரு! இவரு சரிப்பட மாட்டாரு, நீங்க வாங்க சம்பந்தி." துணியை அள்ளிக்கொண்டு, கடையின் பின்பக்கம் உடுத்திப் பார்க்கிற மறைப்புக்குள் போனாள். இன்ஷிராவையும் இழுத்துக்கொண்டாள். "நீங்க ஒரு நுனியப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சுத்திக்கிறேன். நீங்க இந்த ஊர்க்காரங்க, உங்களுக்குத் தெரியாததா? எங்க பெருசா வச்சா தெரியாது? இடுப்பா, வயிறா?"

அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, துணியின் மறு நுனியை வயிற்றோடு பிடித்துக்கொண்டு தஃபீதா சுற்ற ஆரம்பித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டாள். இன்ஷிரா கையில் துணியின் நுனியோடு நின்றாள். அவள் வாழ்நாளெல்லாம் அவிழ்த்தவள். யாரும் அவளைச் சுற்றச் சொன்னதில்லை.

சாயங்காலம் இந்த மனுஷி பச்சைத் திரைக்குப் பின்னால் போய் நிற்பாள். அவாதிஃப் கை வைத்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பாள். இதைச் சொல்லாமல் அனுப்பினால் அது எந்த ஊர் உறவு?

"சம்பந்தி, கொஞ்சம் நில்லுங்க."

"ஏன், பிதுங்குதா?"

"சாப்புடுறப்போ சொன்னீங்களே, அந்த வாசல் பொம்பளைங்க. அதுல ஒருத்தி நான்."

தஃபீதா சிரித்தாள். பிறகு கண்ணாடியில் இன்ஷிராவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"பேப்பர் வேலைன்னாரே மாப்பிள்ளை?"

"அவன் வெக்கப்பட்டுச் சொன்னான். நானும் வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன். தப்புதான்."

"நான் அந்தப் பேச்சு பேசுறேன், நீங்க என் தட்டுல மீன எடுத்து வைக்கிறீங்க."

"விருந்தாளி பேசுறாங்க. வேற என்ன செய்ய?"

வெளியே ஸக்லூல் யாருக்கோ லினன் துணியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தஃபீதா அங்கிருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். வெல்வெட் அவளைச் சுற்றி இறுகியிருந்ததால் பாதிதான் உட்கார முடிந்தது.

"எனக்குத் தங்கச்சியே கெடையாது" என்றாள்.

இன்ஷிரா கையிலிருந்த நுனியைக் கீழே விட்டாள்.

"அஞ்சு நைட்டி போட்டுக்கிட்டுப் போனது நான்தான். ஆண்டவன் குடுத்ததுன்னு நான் ஒண்ணும் சொல்லல. அதெல்லாம் பஸ்ல போறப்போ யோசிச்சது. அங்க நின்னப்போ வாயே தொறக்கல எனக்கு. குளிரு. உள்பாவாடையோட நிக்கிறேன். பக்கத்துல எங்க தெருக்காரி ஒருத்தி, அவளும் பாத்துட்டா. ஊருக்குப் போயி அவ சொல்றதுக்கு முன்னாடி நானே சிரிப்பா சொல்லிரணும்னு ஆரம்பிச்சேன், வெளி ஆளுங்ககிட்டச் சொல்றப்போ தங்கச்சியச் சேத்துக்கிட்டேன். இப்ப எல்லாருக்கும் அது தங்கச்சி கதை. இவருக்குக்கூடத் தெரியும், எனக்குத் தங்கச்சி இல்லன்னு. அவரும் சிரிக்கிறாரு."

தலையை நிமிர்த்திக் கேட்டாள். "அது நீங்கதானா?"

இன்ஷிரா யோசித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், குளிர்காலம், அகலமான ஒரு பெண், அஞ்சு நைட்டி. அப்படி எத்தனையோ பேர். எத்தனை யோசித்தும் ஒரு முகம் மேலே வரவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவளும் நம்புவாள், நம்பத்தான் விரும்புவாள்.

"தெரியல சுஹைர் அம்மா. நானா இருக்கலாம். கூட இருக்குறவளா இருக்கலாம். ஞாபகம் இல்ல."

"ஞாபகமே இல்லையா?"

"இல்ல."

"எனக்கு அந்த நாள் மறக்கவே இல்ல. உங்களுக்கு அது எப்பவும் போல இன்னொரு வேலை நாள்." தஃபீதா குரலை உயர்த்தவில்லை. "நானும் முகத்தப் பாக்கல. தலையக் குனிஞ்சுக்கிட்டேன். அவளும் என் மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், நீங்கதானா இல்லையான்னு."

இன்ஷிராவுக்குச் சுருக்கென்றது. நயமாகச் செய்கிறேன், கத்தாமல் செய்கிறேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். கத்தாதவள் என்று அவளை ஒருத்தியாவது நினைவில் வைத்திருப்பாளா? அவளே ஒருத்தியையும் வைத்திருக்கவில்லையே. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தாள். செய்தது தான்தானா என்றே தெரியாமல் எதற்கென்று கேட்பது?

தஃபீதா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இத மொதல்ல அவுத்து விடுங்க. மூச்சு முட்டுது எனக்கு."

இன்ஷிரா நுனியைப் பிடித்துக்கொள்ள, தஃபீதா வந்த வழியே திரும்பிச் சுற்றினாள். வேகமாகச் சுற்றியதில் தலை கிறுகிறுத்துக் கண்ணாடி மேல் சாய்ந்தாள். கண்ணாடி சுவரில் மோதியது. பிடிக்கப் போன இன்ஷிராவும் துணி காலில் சிக்கி அவள் மேலேயே விழுந்தாள். இருவரும் வெல்வெட்டுக் குவியலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எல்லாம் சரியா இருக்காம்மா?" என்றது வெளியிலிருந்து ஸக்லூலின் நடுங்கும் குரல்.

தஃபீதாதான் முதலில் சிரித்தாள். சிரிப்பா, வேறேதாவதா என்று சொல்ல முடியாத மாதிரி தோள் குலுங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு! ரசீது போடுங்க அண்ணே, பெருசா போடுங்க. என் சம்பந்தி கஸ்டம்ஸ்ல இருக்காங்க" என்று கத்தினாள்.

"அது தெரியும்மா" என்று சொல்லிவிட்டு ஸக்லூல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடையை விட்டுக் கிளம்பினார்கள். மூட்டையை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், "இதுக்கெல்லாம் என்ன வழி? சட்டப்படி" என்று கேட்டாள். இன்ஷிரா சொன்னாள்: வந்தது மூன்று பேர், மூன்று பேருக்கும் தனித்தனிச் சலுகை. போர்வை ஷெஹாதா பேரில் போகட்டும், மற்ற சில்லறைச் சாமான் சுஹைர் பேரில். வெல்வெட்டில் பெரும்பகுதி தஃபீதாவின் சலுகைக்குள்ளேயே அடங்கிவிடும். மிச்சத்துக்குத்தான் வரி, அதுவும் அப்படியொன்றும் பெரிதில்லை.

"இவ்வளவுதானா?" தஃபீதா நின்றுவிட்டாள். "இதுக்கா நான் அன்னிக்கு அஞ்சையும் போட்டுக்கிட்டுப் போனேன்? அன்னிக்கும் கூட மூணு பேர் வந்திருந்தாங்களே!"

"யாரும் கேக்குறதில்ல. கேட்டா சொல்லுவோம்."

"உங்ககிட்ட வந்து எவ கேப்பா?"

இன்ஷிரா மூட்டையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்திக்கு முன்னால் மன்சூரா பஸ் வாசலுக்கு வந்து நின்றது. வழியனுப்ப இன்ஷிராவும் வக்தியும் கூடவே வந்திருந்தார்கள். அம்மா எல்லாரும் பார்க்க வாசல் காவலர்களுக்குச் சலாம் சொன்னதையும், அவர்கள் "என்னக்கா, லீவு நாள்லயுமா?" என்று கேட்டதையும் பார்த்த வக்தி, சுஹைர் முகத்தைப் பார்த்தான். அவள், "எனக்கு எப்பவோ தெரியும். ஆஸ்பத்திரியில உங்க கூட்டாளி சொல்லிட்டாரு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றாள். அவன் காது சிவந்துபோய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வரிசைக்குப் போனான்.

பச்சைத் திரைக்கு முன்னால் வந்ததும் தஃபீதாவின் கால் நகரவில்லை. சாமான் எல்லாம் வெளியே மேசையில் ரசீதோடு இருக்கிறது. மேலில் ஒன்றும் இல்லை. ஆனாலும் நகரவில்லை.

"நானும் கூட வரேன்" என்றாள் இன்ஷிரா.

உள்ளே அவாதிஃப் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தாள். "யாருக்கா இவங்க?"

"என் சம்பந்தி. வக்திக்குப் பொண்ணு குடுக்குறவங்க."

"முன்னாலயே சொல்லக் கூடாதா? போங்கம்மா, போங்க, உங்களப் போயி..."

"விடக் கூடாது" என்றாள் தஃபீதா. "எல்லாரையும் மாதிரி பாரு. ஆனா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே பாரு."

அவாதிஃப் ஒன்றும் புரியாமல் இன்ஷிராவைப் பார்த்தாள். இன்ஷிரா தலையை அசைத்தாள். அவாதிஃப் பார்த்தாள், தோள், கை, இடுப்பு. கண் மட்டும் தஃபீதாவின் கண்ணிலேயே இருந்தது. அப்படிப் பார்த்துக்கொண்டே தடவுவது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இரண்டு தடவை கை தடுமாறியது. தஃபீதா தலையை நிமிர்த்தி நின்றாள்.

"இன்னும் இருக்காம்மா?" என்றாள் அவாதிஃப் வழக்கப்படி.

தஃபீதா மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள். "இனிமே இருக்குறது ஆண்டவன் குடுத்ததும்மா. அதுக்கும் வரி உண்டா?"

அவாதிஃப் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வரிசையில் நின்ற பெண்கள் திரையை விலக்கி எட்டிப் பார்த்து என்ன என்ன என்று கேட்டார்கள். தஃபீதா அவர்களுக்கும் ஒருமுறை சொன்னாள். தங்கச்சியைச் சேர்க்காமல் சொன்னாள்.

பஸ் கிளம்பிப் போன பிறகு அம்மாவும் மகனும் ஊருக்குள் நடந்தார்கள். உப்பளப் பக்கமிருந்து குளிர்காற்று அடித்தது.

"அம்மா..." என்றான் வக்தி.

"வேணாம். எனக்குப் புரியுது."

"இல்ல, நான் சொல்லணும். நான் செஞ்சது அசிங்கம்."

"அசிங்கம்தான்" என்றாள் இன்ஷிரா. கொஞ்ச தூரம் போன பிறகு, "உன்ன மட்டும் சொல்லிக் குத்தம் இல்ல. அந்த அறையில நான் என்ன செய்றேன்னு நானே இன்னிக்குத்தான் கேட்டுக்கிட்டேன்" என்றாள். அவன் தன் மேல்கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான்.

சனிக்கிழமை வேலைக்குப் போனவள், அறைக்கு வெளியே வரிசை நிற்கிற இடத்தில் போய் நின்று, சலுகை என்ன, எத்தனை பேர் சேர்ந்து வந்தால் எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று உரக்கச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. இது ஏதோ புதுப் பொறி என்று நினைத்து அன்றைக்கு எல்லாரும் இன்னும் இறுக்கமாகக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவள் விடாமல் தினமும் சொன்னாள். நாள் போகப்போக ஓரிருவர் முன்னாலேயே வந்து கேட்க ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் பழையபடியே பெருத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது அவள் அவர்கள் முகத்தைப் பார்த்துச் சோதித்தாள். அது வேலையைக் கடினமாக்கியது. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது முன்னைவிட அலுப்பாக இருந்தது.

கோடையில் மன்சூராவில் கல்யாணம். மண்டபத்தில் பெண்கள் பக்கம் குலவைச் சத்தம் காதை அடைத்தது. தஃபீதா இன்ஷிராவின் கையைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக அழைத்துப் போனாள்.

"இவங்கதான் என் சம்பந்தி. போர்ட் சயீத் வாசல்ல பொம்பளைங்களச் சோதிக்கிறாங்களே, அவங்க."

பேச்சு சட்டென்று நின்றது. ஒருத்தி தன்னையறியாமல் புதுச் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவள் சிரிக்க, மேசையே சிரித்தது. அதற்குப் பிறகு இன்ஷிராவால் இடத்தைவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. ஒவ்வொருத்தியாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து தன் கதையைச் சொன்னாள். ஒருத்தி வயிற்றில் கட்டிய காபிக் கோப்பைகள் நடக்க நடக்க மணியடித்த கதை. ஒருத்தி கர்ப்பிணி மாதிரி நடித்து, உண்மையிலேயே கர்ப்பிணி ஒருத்தி எழுந்து இடம் கொடுத்த கதை. ஒருத்தி சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "விடுங்க, பழைய சங்கதி" என்றாள். இன்ஷிரா எல்லாவற்றையும் கேட்டாள். "அது நீங்களா?" என்று கேட்டவர்களுக்கு, "நானா இருக்கலாம்" என்றாள்.

கடைசியாக மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் காதருகே குனிந்தாள். "அடுத்த மாசம் என் மக கல்யாணத்துக்குச் சாமான் வாங்க வரேன். உங்களுக்கு என்னிக்கு லீவு?"

"ஏம்மா, எங்க வீட்டுக்கு வர்றதுக்கா?"

"இல்ல, நீங்க இல்லாத நாளாப் பாத்து வரலாம்னு."

"அந்த மாசம் பூரா எனக்கு லீவே இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, இன்ஷிரா அவளுக்கும் ஒரு சர்பத் எடுத்துக் கொடுத்தாள்.